ஒட்டுப்பாலுக்குப் பதினோரு குழு செய்த மரியாதை

தக்கலை,
ஐப்பசி 9, ஞாயிறு.

சிரஞ்சீவி மருமகன் சுதனுக்கு, உன் தாய்மாமன் கிருஷ்ணமணி எழுதிக்கொள்வது. இங்கே என் சர்க்கரை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. பஹ்ரைனில் நீயும் மருமகளும் குழந்தையும் வெயிலுக்குத் தப்பி நலமாக இருக்க, நான் கும்பிடுகிற எல்லாச் சாமிகளையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மருமகனே, இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். 2010ஆம் ஆண்டு, தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில், பதினோரு பேர் முன்னால் சொன்னேன். "இந்தப் பயலுவ போடுற சத்தத்துக்கு இண்ணு ஊரு கல்லெறியும், ஒருநாள் பட்டணத்துக்காரன் வந்து மாலை போடுவான், அந்த மாலையிலதான் கேடு இருக்கு" என்றேன். அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதி நாலு பேருக்கு ஞாபகம் இல்லையாம். சாட்சி இல்லை என்பதற்காகச் சொன்னது சொல்லாததாகிவிடாது.

நீ என் நம்பரைத் தடுத்து வைத்து மூன்று வருஷம் ஆகிறது. உன் மனைவிக்கு எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம் என்று நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜில் ஒரு யோசனை சொன்னேன், அதற்கு இந்தத் தண்டனை. இருக்கட்டும். அதனால்தான் கடிதம். பஹ்ரைனுக்குத் திரும்பிப் போகிற பிளம்பர் சுந்தரராஜ் கையில், நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். வற்றலை எடுத்துக்கொண்டு இதைத் தூக்கி எறிந்துவிடாதே, ஏனென்றால் இதை நான் என் சொந்த விருப்பத்தில் எழுதவில்லை. ஜேசுதாஸ் எழுதச் சொன்னான். அதே ஜேசுதாஸ்தான், உன் கூட்டாளி ஜெனினின் அப்பா, மைக் செட்காரன். அவன் சொன்னது கடைசியில் இருக்கிறது. நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் படித்தால் உனக்கு விளங்காது, ஆகவே தாண்டிப் படிக்காதே.

சித்திரை மாதம் சென்னையிலிருந்து இந்துஜா என்று ஒரு பெண் வந்தாள், தோளில் ஒரு பை, கையில் ஒலிப்பதிவுக் கருவி. உங்கள் 'ஒட்டுப்பால்' குழுதான் தமிழில் பங்க் ராக் பாடுகிற அத்தனை பேருக்கும் வழி காட்டியதாம், அதனால் பதினோரு குழுக்கள் உங்களுடைய பதினோரு பாட்டைத் தங்கள் பாணியில் பாடி ஒரு மரியாதை ஆல்பம் போடுகிறார்களாம், நீ ஈமெயிலில் ஒரே வரியில் சம்மதம் கொடுத்துவிட்டு வேறு எந்தக் கேள்விக்கும் பதில் போடவில்லையாம், ஆகவே ஊரில் விவரம் தெரிந்த பெரியவர் யார் என்று விசாரித்தபோது எல்லோரும் என் பெயின்ட் கடையைத்தான் கைகாட்டினார்களாம். (எல்லோரும் என்றால், பஸ் ஸ்டாண்டில் அவள் முதலில் கேட்டது என்னிடம்தான்.) பங்க் ராக் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. நீ தொண்டை கிழியக் கத்துவதும், ஜெனின் கித்தாரை வாழைத்தார் வெட்டுகிறவன் மாதிரி வெட்டுவதும், இரண்டரை நிமிஷத்தில் பாட்டு செத்துவிடுவதும்தான் அது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒட்டுப்பால் என்றால் என்ன என்று அவள்தான் கேட்டாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டி எடுத்தபிறகு மிச்சம் சிரட்டையில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும், சாக்கில் கட்டி வைத்தால் நாலு வீடு தள்ளி நாறும், ஆனாலும் விலைபோகும் என்றேன். "எவ்வளவு அழகான பேர் சார்" என்று எழுதிக்கொண்டாள். நாறுகிற சாமானத்தை அழகு என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். நான் இருக்கவில்லை, ஏனென்றால் அவள் என்னை சார் என்றாள். நீங்கள் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நாலு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பேச்சிப்பாறை அணைக்குப் போனோம். அங்கே ஒரு பாறையைக் காட்டி, சுதன் இதில் உட்கார்ந்துதான் பாட்டெல்லாம் கட்டினான் என்றேன். நீ பேச்சிப்பாறைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருதரம் போய் வாந்தி எடுத்தாய், அது தவிரப் போனதில்லை. ஆனால் நீ பாட்டுக் கட்டியது எங்கள் கடை கோடவுனில் காலி டின்கள் மேல் என்று சொன்னால் யார் மதிப்பார்கள். அந்த நல்ல எண்ணத்தில் சொன்னது. விளைவு என்ன என்றால், கொச்சிக் குழு ஒன்று உன்னுடைய 'ரோடு போட்டாச்சு' பாட்டுக்கு முன்னால் ஒன்றரை நிமிஷம் அணைத்தண்ணீர் விழுகிற சத்தத்தைப் போட்டிருக்கிறது. தாரே ஊற்றாமல் ரோடு போட்டதாகக் கணக்கு எழுதினவனைத் திட்டுகிற பாட்டில் தண்ணீருக்கு என்ன வேலை. இப்போது சனி, ஞாயிறுகளில் தாடி வைத்த பையன்கள் அங்கே வந்து, 'ஒட்டுப்பால் பாறை' எது என்று காவலாளியிடம் கேட்கிறார்களாம். அவனும் ஏதோ ஒரு பாறையைக் காட்டுகிறானாம், நான் காட்டியது கூட இல்லை.

மரியாதை என்பதைச் சொல்கிறேன் கேள். என்னைப் பற்றி நீ கட்டினாயே 'மாமன் மூக்கு', "மாமன் மூக்கு நீள மூக்கு, மத்தவன் அடுக்களை மோந்த மூக்கு" என்று, அதை மட்டும் மூன்று குழுக்கள் கேட்டுச் சண்டை போட்டார்களாம். கடைசியில் சென்னைக் குழு ஒன்றுக்குக் கிடைத்தது. தாய்மாமன் ஒருவனுடைய மூக்கை மூன்று ஊர்க்காரர்கள் போட்டி போட்டுக் கேட்ட கதை இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர யாருக்கும் இல்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவர்கள் அதைப் புல்லாங்குழல் வைத்துத் தாலாட்டாக்கிவிட்டார்கள். நீ திட்டினபோது எனக்கு உறைத்தது, கோபம் வந்தது, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். இவர்கள் பாடியதைக் கேட்டால் யாரோ செத்துப்போன நல்ல மனிதனைப் பற்றிப் பாடுவதுபோல் இருக்கிறது. உன் அம்மா சண்முகவடிவுக்கு முழு ஆல்பத்தையும் போட்டுக் காட்டினேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள், "எண்ணா, நம்ம பிள்ள கத்தினா ஓட்டுல இருந்து காக்கா பறக்கும். இதுக்குக் காக்கா ஒறங்கும்." அவள் சொன்னதைவிட நல்ல விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. இன்னொரு விஷயம், ஆல்பத்தோடு ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள், அதில் நாலு நாள் அலைந்த என்னை "உள்ளூர்வாசி ஒருவர்" என்று போட்டிருக்கிறார்கள். பாறைக்குப் போட்டோ உண்டு, எனக்கு இல்லை.

இனிதான் காரியத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள், "சார், அந்தப் பியூஸைப் பிடுங்கினது யாரு?" உனக்குத் தெரியாதது இல்லை, பங்குனிக் கொடைத் திருவிழா, சாயங்காலம் ஏழு மணி, அம்மன் கோயில் முன்னால் மேடை. 'ரோடு போட்டாச்சு' பாதியில் போகும்போது யாரோ பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட, மைக்கும் விளக்கும் சேர்ந்து போயிற்று. நீ நிறுத்தவில்லை. இருட்டில் வெறும் தொண்டையில் பாடினாய், ஜெனின் கித்தார்ப் பலகையில் கையால் அடித்தான், ஜனம் முழுக்கக் கூடப் பாடியது. யாரோ போனில் பதிவு செய்த அந்த ஆறு நிமிஷம்தான் கை மாறிக் கை மாறி ஊர் ஊராகப் போய் இத்தனை குழுக்களைப் பாட வைத்ததாம். மதுரையில் ஒரு குழுவுக்குப் பெயரே 'பியூஸ் கட்டை'யாம். ஆகவே அதைப் பிடுங்கினவன் பெயர் இல்லாமல் புத்தகம் முழுமையாகாது என்றாள். நான் உனக்கு அன்றைக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். பிடுங்கியது ஜேசுதாஸ், இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மகனுக்குக் குவைத் விசா வந்திருந்தது, குழு உடைந்தால்தான் பயல் விமானம் ஏறுவான், அதனால் தன் மைக் செட்டின் பியூஸைத் தானே பிடுங்கினான். கேட்கிறவளுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே என்று, அவன் பச்சைச் சாரம் (அவளுக்கு லுங்கி என்று விளக்கினேன்) உடுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நின்றான் என்பதையும் சேர்த்தேன். அவள் எழுதினாள். அச்சிலும் போட்டுவிட்டாள்.

உனக்கும் ஜெனினுக்கும் பதினைந்து வருஷமாகப் பேச்சில்லாததற்குக் காரணமும் அதுதானே. அன்று ஜேசுதாஸ் "நான் தொடல்ல" என்று கோயில் முன்னால் நின்று சொன்னான், நான் "கண்டேன்" என்று சொன்னேன், கோயில் முன்னால் என் வார்த்தைதான் எடுபட்டது, நீயும் என்னை நம்பினாய், ஜெனின் அவன் அப்பாவை நம்பினான். ஜேசுதாஸ் வயரைச் சுருட்டிக்கொண்டு போனான். அதற்கு முன் பத்து வருஷம் நம் கொடைக்கு அவன்தான் மைக் கட்டினான். அதற்கப்புறம் கட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

போன மாதம் கடைசி ஞாயிறு நாகர்கோவிலில், வடசேரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. ஜெனின் வருகிறான் என்றால் நான் வரமாட்டேன் என்று நீ இந்துஜாவுக்கு எழுதிவிட்டாய். ஜெனின் குவைத்திலிருந்து வந்தான், உச்சந்தலை வழுக்கை, கித்தாரை மட்டும் பழைய மாதிரியே பிடித்திருந்தான். மைக் செட்டுக்கு யாரைப் போடலாம் என்று இந்துஜா என்னிடம் கேட்டபோது, மலிவும் நாணயமும் வேண்டுமென்றால் ஜேசுதாஸ் என்று நான்தான் சொன்னேன். புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்னால் சொன்னது அது. கொஞ்சம் முன்னால். அவள் சின்னப் பெண், இரண்டு ஜேசுதாசும் ஒருவர்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் தோன்றியபோது வேன் நாகர்கோவில் போய்ச் சேர்ந்துவிட்டது.

விழாவில் பெங்களூர்ப் பெண்கள் குழு கடைசிக்கு முந்தின பாட்டாக, ஆல்பத்தில் கொச்சிக் குழு பாடின 'ரோடு போட்டாச்சு'வை மேடையில் பாடியது. மற்றவர்களைப்போல இல்லை, அவர்கள் உண்மையிலேயே கத்தினார்கள், நாற்காலி நடுங்கியது, உன் அம்மா முதல்தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதியில் புத்தகத்தைப் படித்துப் புதிதாகக் கட்டின ஒரு அடி வந்தது. "பியூஸப் புடுங்கின ஜேசுதாசே, பாட்டப் புடுங்க முடிஞ்சிதா." கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. முன்னூறு பையன்கள் கையைத் தூக்கி, "ஜேசுதாசே, முடிஞ்சிதா" என்று கேட்கிறார்கள். அந்த ஜேசுதாஸ் மண்டபத்தின் பின்னால் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று அவர்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. அவன் கை பொத்தான் மேலேயே இருந்தது. ஒரு விரலை அசைத்தால் போதும், மண்டபம் ஊமையாகியிருக்கும். அவன் என்ன செய்தான் தெரியுமா, பாடுகிற பெண்ணின் குரல் டிரம்ஸில் அமுங்குகிறது என்று அவள் மைக்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தான். தன் பெயர் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும்படி வைத்தான். நான் அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்த பாட்டுக்கு ஜெனின் வாசிக்க வேண்டும். அவன் கித்தாரை மேடையில் படுக்க வைத்துவிட்டு, நேராகப் பின்னால் வந்தான்.

"அப்பா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க புடுங்கினீங்களா?"

ஜேசுதாஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு ஓர்ம இல்ல மக்கா."

"அண்ணு இல்லண்ணு சொன்னீங்க."

"அண்ணு இல்லண்ணு சொன்னது ஓர்ம இருக்கு. புடுங்கினதுதான் ஓர்ம இல்ல."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, அதிலிருந்து கை நடுக்கமும் மறதியும். ஜெனினுக்கு அது எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவன் அப்படியே மண்டபத்தைவிட்டு வெளியே போனான். மறுநாள் காலை திருவனந்தபுரம் போய் விமானம் ஏறிவிட்டான், இன்னும் பதினெட்டு நாள் லீவு இருந்தது. கித்தாரைக் கூட எடுக்கவில்லை, ஜேசுதாஸ்தான் மைக் பெட்டிகளோடு அதையும் வேனில் வைத்துக் கொண்டுவந்தான்.

போன புதன்கிழமை ஜேசுதாஸ் என் கடைக்கு வந்தான். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் முதல்முறை. பெயின்ட் வாங்க வந்தவன்போல வண்ண அட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அட்டையை மூடி வைத்தான்.

"லே கிருஷ்ணமணி, நீ கண்டேண்ணு சொன்னியாம்."

"சொன்னேன்."

"நான் எங்க நின்னேன்?"

"பியூஸ் போர்டு பக்கம்."

"என்ன உடுத்திருந்தேன்?"

"பச்சைச் சாரம்."

"பச்சைச் சாரம் ஒண்ணு எனக்கு இருந்துது" என்றான். "டெல்சி எடுத்துத் தந்தது. அப்ப சரியாத்தான் இருக்கும்." (டெல்சி என்றால் அவன் மனைவி, இறந்து ஆறு வருஷம்.) "நான் நல்லவண்ணு நெனச்சிட்டே இத்தன நாளும் இருந்திட்டேன். பாரு, ஒரு மனுசனுக்கு அவனப் பத்தியே தெரியல்ல."

நான் அவனுக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய. அவன் உட்கார்ந்து, "எனக்குக் கை எழுத வராது, நீதான் எழுத்து படிச்சவன், சுதனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடு" என்றான். நான் எட்டாம் வகுப்புவரை, அதிலும் எட்டு பாதிதான். ஆனாலும் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அவன் சொன்னதைச் சொன்னபடி கீழே எழுதுகிறேன், என் கைவரிசை ஒன்றும் இல்லை.

"மக்கா சுதன், பியூசைப் புடுங்கினது நான்தானாம். எதுக்குப் புடுங்கினேண்ணு தெரியல்ல. உங்க சத்தம் எனக்குப் பிடிக்கும்ணுதான் என் ஓர்ம. ஜெனின் விசாவுக்காவண்ணு இவன் சொல்லுதான், அப்படியும் இருக்கலாம், தகப்பன்மாரு புத்தி அப்படித்தான். ஜெனினுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் உங்கிட்ட பதினஞ்சு வருசம் பேசாம இருந்தது எனக்காவ. எம்மேல உள்ள கோவத்த அவன்மேல வைக்காத. கித்தார் எங்கிட்டதான் இருக்கு, நனையாம வச்சிருக்கேன். நான் போறதுக்கு முன்னால ரெண்டுபேரும் ஒருதடவ பேசினா போதும். மைக் செட்ட விக்கப் போறேன். பியூசைப் புடுங்கினவன்ட்ட யாரு மைக்குக்கு வருவா."

இதுதான் அவன் சொன்னது. சொல்லி முடித்து, "நல்லா வந்திருக்கா, வாசிச்சுக் காட்டு" என்றான். வாசித்துக் காட்டினேன். 'தானாம்' என்பதை எடுத்துவிட்டு 'நான்தான்' என்று திருத்தி எழுதச் சொன்னான், அப்படி இருந்தால்தான் மரியாதையாம். நான் திருத்தவில்லை. அவன் கண்ணாடி போடவில்லை, அவனுக்குத் தெரியாது.

மருமகனே, உலகம் இப்படித்தான் இருக்கிறது. பதினோரு குழு சேர்ந்து மரியாதை செய்தால் ஒரு மைக் செட் விலைக்கு வருகிறது. பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு கெட்டவன் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்துஜாவுக்குப் போன் போட்டேன், இரண்டாவது பதிப்பில் பார்க்கலாம் சார் என்றாள். முதல் பதிப்பில் முன்னூறு மீதம் இருக்கிறதாம்.

ஆகவே பெரியவன் ஒருத்தன் கேட்டதை மதித்து ஜெனினுக்கு ஒரு போன் போடு. மருமகளுக்கு என் ஆசீர்வாதம், குழந்தைக்கு முத்தம், பெயர் மாற்றுவது பற்றி நான் முன்னால் சொன்ன யோசனையை இப்போது வற்புறுத்தவில்லை. எங்கிருந்தாலும் தொண்டை கெடாமல், துணைக்கு ஆளிருக்க, நெடுங்காலம் வாழ வேண்டும் என்று ஆசி கூறும்,

உன் தாய்மாமன்,
கிருஷ்ணமணி.

பி.கு. கவரை ஒட்டிவிட்டேன், பிரித்து மறுபடி எழுதுகிறேன். ஜேசுதாசை நான் போர்டு பக்கம் பார்க்கவில்லை. அது நான் உண்டாக்கினது. ஒரு ஸ்பீக்கர் ஸ்டாண்ட் சாய்ந்ததால் அவன் மேடைக்கு மறுபக்கம் அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், பாட்டு முடியும்வரை நின்றான். போர்டு பக்கம் நின்றது நான். அந்தப் பாட்டுக்கு முன்னால் நீ மைக்கில், "எனக்கு மாமாண்ணு சொன்னா அது ஜேசுதாஸ் மாமாதான்" என்று சொன்னாய். ஊரே கை தட்டியது. உன் அம்மாவும் தட்டினாள். உன் அப்பா போனபிறகு உன்னை வளர்த்தவன், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவன், பத்தடி தள்ளி நின்றேன். கை தானாகப் போயிற்று என்று எழுதப் பார்த்தேன், அதுவும் பொய். நாலு வரி பாடி முடிக்கிறவரை யோசித்துவிட்டுத்தான் பிடுங்கினேன். ஜேசுதாசிடம் சொல்வதற்காக இந்த வாரம் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன், இரண்டு தடவையும் "லெட்டர் எழுதித் தந்தவனாக்கும்" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்துவிட்டேன். நீயே அவனைக் கூப்பிட்டு, "நீங்க புடுங்கல்ல" என்று சொல்லிவிடு. முதலில் அவனுக்கு, பிறகு ஜெனினுக்கு. நீ கூப்பிடும்போது நான் அவன் பக்கத்தில் இருந்தாலும் இருப்பேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.